நனைத்துப் பார்த்த கயிறு

ஆற்றங்கரைக் குரங்குகள் தங்கள் குட்டிகளுக்கு ஊஞ்சல் கட்டக் கயிறு கேட்டிருந்தன. கயிற்றுப் பட்டறையின் முதலாளி பெருச்சாளி. சரக்கைச் சோதித்து அனுப்புகிற வேலை பல்லிக்கு.

"ஒரு கயிற்றில் நானே தொங்கிப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரிதான், அனுப்பு" என்றது பெருச்சாளி.

"ஒன்று தாங்கினால் நாம் முறுக்குகிற முறையே சரியென்று ஆகிவிடுமா ஐயா? மழையில் நனைந்தால் என்ன ஆகும்?"

"நீ வாயைத் திறந்தாலே அபசகுனம்தான்!"

பல்லிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கயிறு அறுந்தால், 'நீ என்னத்தைப் பார்த்தாய்?' என்பார். அறாவிட்டால், 'நீ எதற்கு இங்கே?' என்பார். வேலைக்கு வந்த நாள் முதல் இதே பாட்டுதான்.

"சரி, அனுப்புகிறேன். அதற்கு முன்னால் உங்கள் குட்டியை உட்காரவைத்து ஆட்டிப் பார்ப்போமா?"

பெருச்சாளி மீசையைத் தடவியது. "எதற்கும் தண்ணீரை ஊற்றியே பார்."

பல்லி ஒரு கயிற்றை நனைத்து, குட்டிக் குரங்கின் எடையுள்ள கல்லைக் கட்டித் தொங்கவிட்டது. கொஞ்ச நேரத்தில் முறுக்குப் பிரிந்து, கல் தொப்பென்று விழுந்தது.

பெருச்சாளி ஓடிவந்து அறுந்த நுனியைக் கையில் எடுத்தது. ஒரு நல்ல வார்த்தை வருமென்று பல்லி காத்திருந்தது.

"பாவி! நல்ல கயிற்றை நனைத்துக் கெடுத்துவிட்டாயே!"

பல்லி அடுத்த கயிற்றை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டது.