வெள்ளணுக் கணக்கு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் டெக்னீஷியன், புதிதாக வேலைக்கு வந்திருந்த டாக்டரிடம் ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார். அதிலிருந்த இரண்டு வகை வெள்ளணுக்களின் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டி, "இதை அதால வகுத்துப் பாருங்க, டாக்டர்" என்றார்.

வகுத்ததும் டாக்டரின் முகம் மாறியது.

"ஒன்பது வருதே! மூணைத் தாண்டக் கூடாதே. நெஞ்சுவலி உண்டா?"

"உண்டு. வெறும் வாயுன்னு சொல்லிட்டாங்க."

"எந்த மடையன் சொன்னான்? இதயக் குழாய்ல அடைப்பு மோசமா இருக்கலாம். உடனே அட்மிட் பண்ணணும். யாரு பேஷன்ட்?"

"என் வீட்டுக்காரி."

"அப்புறம் ஏன் இங்க நிக்கிறீங்க? ஓடிப்போய்க் கூட்டிட்டு வாங்க!"

டெக்னீஷியன் ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் விரல் வைத்தார்.

"தேதியைப் பாருங்க, போன மாசம். ரத்தம் எடுத்ததும் நான்தான், வாயுன்னு சொன்னதும் நான்தான். இன்னைக்குத்தான் வகுத்துப் பாத்தேன். அவ போய் இருபது நாளாச்சு, டாக்டர்."