பிஸ்டலுக்கு மூன்று நட்சத்திரம்

"மொட்டைக் கடிதத்தை மணந்து பாத்தே எழுதினவன் ஆரெண்டு சொல்லக்கூடிய ஆள் இந்த லண்டனிலை நான் ஒருத்தன்தான்" என்றார் பரமேஸ்வரன்.

சொன்னதோடு நிற்கவில்லை. மிட்சம் பகுதியிலுள்ள தன் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, காலைத் தபாலில் வந்த உறையை மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடினார்.

"ஆராம்?" என்று கேட்டாள் மனைவி கமலாம்பிகை, பால் போத்தல்களை அடுக்கிக்கொண்டே.

"பிறகு சொல்லுறன். முதல் நீ இதை வாசி."

உள்ளே ஒரே ஒரு தாள். இணையத்தில் எடுத்த பக்கத்தின் போட்டோக் கொப்பி. மேலே ஒரு கைத்துப்பாக்கியின் படம். கீழே, அதை வைத்திருப்பவர்கள் ஜெர்மன் மொழியில் எழுதிய கருத்துகள். ஓரத்தில் யாரோ கோணல்மாணலான எழுத்தில் தமிழாக்கியிருந்தார்கள். முடிவில், 'இப்படிக்கு, உங்கள் குடும்ப நலன்விரும்பி.' அந்தக் கையெழுத்தும் கொப்பிதான்.

"என்ன இது, கண்ணே தெரியேல்லை" என்றாள் கமலாம்பிகை. "இவ்வளவு மங்கல்."

"மை முடிஞ்ச மெஷின். எழுதினவன் கஞ்சன். குறிச்சு வை."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "'முழு அளவுப் பிஸ்டல். ஒருக்கால் சுட்டால் அடுத்த ரவை தானாய் ஏறும். பத்து வருஷமாய் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. ஐந்து நட்சத்திரம்.' 'பாரம் கூட. ஆனால் நம்பலாம். நாலு நட்சத்திரம்.' நல்லாத்தானே சொல்லியிருக்கினம். இதை ஏன் எங்களுக்கு அனுப்பினவை?"

"மூண்டாவதின்ரை பேரை வாசி."

வாசித்தாள். பிறகு ஒரு பால் போத்தலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கிருஷாந், சூரிச், மூன்று நட்சத்திரம். வருகிற ஞாயிற்றுக்கிழமை மனோர் பார்க் முருகன் கோயிலுக்கு அவர்களுடைய மகளைப் பெண்பார்க்க வரவிருந்த மாப்பிள்ளை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள்" என்றார் பரமேஸ்வரன். "இப்ப மருமோன் துவக்கோடை வாறாராம். ஞாயிறு வரவேண்டாமெண்டு சொல்லு."

கல்லாவில் இருந்த மகள் அஜந்தா நிமிர்ந்தாள். முப்பது வயது. இதற்கு முன் பார்த்த ஐந்து பேரையும் வேண்டாம் என்றவள், இவனோடு மட்டும் மூன்று மாதமாக போனில் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"அவரிட்டையே கேளுங்கோவன் அப்பா."

"கேட்டால் உண்மை சொல்லுவானோ?"

"பேரில்லாத கடிதம் மட்டும் உண்மை சொல்லுமோ?"

"அதை எழுதினவன் மனிசனே இல்லை" என்றார் அப்பா. "சொந்தப் பேரைப் போடத் துணிவில்லாத கோழை. ஊரான் வீட்டுப் பிள்ளையின்ரை வாழ்க்கையிலை மண் அள்ளிப் போடுற பிறவி. சரி, போனைப் போடு. ஸ்பீக்கரிலை போடு."

போட்டாள்.

"தம்பி, உங்கடை வீட்டிலை என்னென்ன சாமான் இருக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார் பரமேஸ்வரன்.

"எதைக் கேக்கிறியள் அங்கிள்?"

"பாரமான சாமான்."

"வாஷிங் மெஷின் இருக்கு."

"கையிலை பிடிக்கிற சாமான்."

அஜந்தா கல்லா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆ, பிஸ்டலோ? அது ஆர்மி தந்தது அங்கிள். இஞ்சை சிட்டிசன் எடுத்த பெடியள் சேவைக்குப் போகவேணும். நான் மருத்துவப் பிரிவு. சேவை முடியுமட்டும் பிஸ்டலை வீட்டிலை வைச்சிருக்கச் சொல்லுவினம், ரவை தரமாட்டினம். முடிஞ்சதும் திருப்பிக் குடுத்திடுவன். அஜந்தாவுக்கு நேரிலை சொல்லுவம் எண்டு இருந்தனான்."

"ஏன் மூண்டு நட்சத்திரம் மட்டும் போட்டனீர்?"

"என்ரை கைக்குப் பெரிசு. மருந்துப் பையோடை சேர்த்துக் காவ ஏலாது. உள்ளதைத்தானே எழுதவேணும்."

போனை வைத்ததும் பரமேஸ்வரனின் முகம் மாறியிருந்தது.

"அரசாங்கம் சும்மா குடுத்த சாமானுக்கே குறை சொல்லியிருக்கிறான். சொல்லிப்போட்டுக் கீழை சொந்தப் பேரையும் போட்டிருக்கிறான். இப்பிடிப் பெடியன் இந்தக் காலத்திலை கிடைக்கிறது கஷ்டம்."

அஜந்தா சாமான் வாங்க வந்த ஆளுக்கு மிச்சக்காசை இரண்டு தரம் கொடுத்தாள். அவர் நல்லவர், திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப கடிதம் போட்டது ஆர்? மணந்து பாத்தியளே" என்றாள் கமலாம்பிகை.

"எங்களை விலத்திப்போட்டு இந்தப் பெடியனை எடுக்க நினைக்கிற ஆரோ ஒருத்தன்."

"ஹவுன்ஸ்லோ சண்முகராசா அண்ணையாக்களும் இந்தப் பெடியனைக் கேக்கினமாம். பெடியன்ரை தாய்க்காரி சொன்னவ. அவையின்ரை பிள்ளைக்கும் சாதகம் நல்லாப் பொருந்துதாம். ஞாயிறு காலமை எங்களைப் பாத்திட்டு, பின்னேரம் அங்கை போகினமாம்."

பரமேஸ்வரன் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "நீங்கள் ரெண்டு பேரும் மேலை போய்ச் சாப்பிடுங்கோ. கடையை நான் பாக்கிறன்" என்றார்.

அவர்கள் படியேறும் சத்தம் அடங்கியது. பரமேஸ்வரன் கடையில் விற்கிற உறைகளில் ஒன்றை எடுத்தார். பேனாவை இடக்கைக்கு மாற்றி, சண்முகராசாவின் முகவரியைக் கோணல்மாணலாக எழுதினார். மற்றபடி எழுத வேண்டியது ஏதுமில்லை. 'நலன்விரும்பி' ஏற்கெனவே தாளில் இருந்தார்.

பிறகு கடையின் போட்டோக் கொப்பி மெஷினில் தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினார். மை நேற்றுத்தான் மாற்றியது. ஆனாலும் வெளியே வந்த கொப்பி, தனக்கு வந்ததைவிட இன்னும் கொஞ்சம் மங்கலாக இருந்தது.

தனக்கு வந்தது எத்தனையோ வீடுகளில் கொப்பியாகித்தான் அவ்வளவு மங்கலாயிற்று என்று, உறையை நக்கி ஒட்டும்போதுதான் அவருக்கு விளங்கியது.