தினம் ஒரு தப்பு

"பிறக்கறதுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே ஒருத்தர் செத்துப் போயிருக்கார். எப்படிம்மா?"

ஆசிரியர் அன்றைய பேப்பரை மேசை மேல் விட்டெறிந்தார். ஏழாம் பக்கம், 'இதே நாளில்' பகுதி. யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள், எந்தப் போர் முடிந்தது என்று தினமும் வருவது. அதைத் தொகுப்பவள் எதிரே நின்றாள்.

"கவனிக்கலை சார்."

"ரெண்டு மாசமா தினம் ஒரு தப்பு, மறுநாள் ஒரு திருத்தம். நாம பேப்பர் நடத்தறோமா, மன்னிப்புக் கடை நடத்தறோமா? போங்க!"

அவள் போனதும் பக்கம் வடிவமைப்பவரைக் கூப்பிட்டார்.

"நீயாவது பாக்கக் கூடாதாய்யா?"

வடிவமைப்பவர் தலையைச் சொறிந்தார். "என்கிட்ட வரும்போது சரியாத்தான் சார் இருக்கு. கடைசி நிமிஷத்துல அவங்களே வந்து ஒரு வருஷத்தை மாத்தச் சொல்றாங்க."

வேண்டுமென்றே! ஆசிரியருக்கு ரத்தம் தலைக்கேறியது. மறுபடி அவளை வரச் சொன்னார். மழுப்ப வழியில்லாமல் அவள் சொல்லிவிட்டாள்.

"ஒரு வாசகர் சார். வயசானவர். தப்பு இருந்தா காலையில போன் பண்ணுவார். ஒருநாள் தப்பே இல்லை. அன்னிக்கும் பண்ணினார். 'இன்னிக்குச் சொல்ல ஒண்ணுமில்லையேம்மா'ன்னுட்டு, வைக்க மனசில்லாம அப்படியே இருந்தார். சம்சாரம் போனதுல இருந்து தனியாத்தான் இருக்காராம். அதான்..."

"ஒருத்தர் பேசறதுக்காக ஊருக்கே தப்புத் தப்பா சரித்திரமா? நல்ல நியாயம்! அவர் நம்பரைக் கொடுங்க. உங்க விஷயத்தை அப்புறம் பாக்கறேன்."

அவள் வெளியே போனதும் ஆசிரியரே போன் போட்டார்.

"ஐயா, பேப்பர் ஆபீஸ்ல இருந்து பேசறேன். இனிமே 'இதே நாளில்' பகுதியில தப்பு வராது. நீங்க மெனக்கெட்டுக் கூப்பிட வேண்டாம்."

மறுமுனை பதறியது. "ஐயையோ, அந்தப் பொண்ணை ஏதாவது சொல்லிட்டீங்களா? வேணும்னேதான் தப்பு போடுதுன்னு முதல் வாரமே எனக்குத் தெரியும் சார்."

"தெரிஞ்சுமா தினம் கூப்பிட்டீங்க?"

"பின்னே? நான் பாட்டுக்கு விட்டுட்டா அது யார்கிட்ட சார் பேசும்? உலகத்துல யார் யாரு என்னிக்குச் செத்தாங்கன்னு எழுதற பொண்ணு. அதோட அம்மா செத்து மூணு மாசமாச்சு. உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாது. என்கிட்டதான் சொல்லி அழுதுச்சு."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க. லீவு கேட்டிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"கேட்டுச்சு சார். அம்மா தவறிட்டாங்கன்னு லெட்டர்லயே எழுதியிருக்கு. அதைப் படிச்சுக்கூடப் பாக்காம கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம் ஒரு மகராசன்."

அந்த மகராசனுக்கு, போனை வைக்கக்கூடக் கை வரவில்லை.