நடந்து பார்த்த சம்பந்தம்

"கொஞ்சம் மெதுவா போகலாமா தம்பி? ஷூ புதுசு, கடிக்குது."

பேக்கரிக்காரர் குனிந்து குதிகாலைத் தடவிக்கொண்டார். அவன் நின்றான்.

ஏரியைச் சுற்றிப் போட்ட நடைபாதை அது. விடுமுறை நாள் காலை என்பதால் ஜே ஜே என்று கூட்டம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள், கையை வீசி வீசி நடக்கிறவர்கள், மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் சர்சர்ரென்று சைக்கிள்கள். இத்தனை பேரில் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு நடக்க வந்த மகானுபாவர் இவர் ஒருத்தர்தான்.

இந்தக் கல்யாணம் நடக்குமா நடக்காதா என்பது இன்றைய நடையில்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரியும். தெரிந்தும், வந்ததிலிருந்து வெயில், ஏரித் தண்ணீர், பன் ஏன் சீக்கிரம் காய்ந்துபோகிறது என்று ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தார்களே தவிர, விஷயத்துக்கு வரவில்லை.

அக்கா நேற்றே போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். "நீ நேர்ல போய்ப் பேசுடா. அந்த மனுஷனைப் பார்த்துப் பேசாம இது நகராது." அம்மா காலையில் அவனுடைய ஷூவை மட்டும் துடைத்து வாசலில் எடுத்து வைத்திருந்தாள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசிப் பிழைக்கிறவன் அவன். இன்று பார்த்து நாக்கு ஒட்டிக்கொண்டது.

"இங்க அடிக்கடி வருவீங்களா சார்?" என்று எதையோ கேட்டு வைத்தான்.

"தினமும். அடுப்பு வேலை முடிஞ்சதும் நேரா இங்கதான்." அவர் நின்று பாதையைக் கையால் காட்டினார். "இதெல்லாம் அப்ப ஒத்தையடிப் பாதை தம்பி. ஏது கல்லு, ஏது விளக்கு? ரெண்டு பக்கமும் முள்ளுதான். என் மாமனார் என்னை இங்கதான் நடக்கக் கூட்டிட்டு வந்தார், பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி."

அவனுக்குத் திக்கென்றது. "இங்கேயா?"

"இங்கேதான். கூட நடந்து பார்த்தா ஆளு யாருன்னு தெரிஞ்சுடும்னு சொல்வார். என்னை முன்னாடி விட்டுட்டு அவர் பின்னாடி வந்தார். எனக்கு உசுரு கையில இல்ல. வேகமா போனா அவசரக்காரன்னு நினைப்பாரோ, மெதுவா போனா சோம்பேறிம்பாரோ? என்ன மூஞ்சி வெச்சிருக்கார்னு திரும்பிப் பார்க்கவும் பயம்."

அவன் சிரித்துவிட்டான். "அப்புறம்?"

"கால்ல முள்ளு ஏறிடுச்சு. வலிக்குதுன்னு சொன்னா பொண்ணு கிடைக்காதோன்னு, பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏரியை முழுசா சுத்திட்டேன். கடைசியில அவரே என்னை உட்கார வெச்சு முள்ளைப் பிடுங்கினார். 'வலிச்சா வாயைத் திறந்து சொல்லணும்டா மடையா, என் பொண்ணு என்ன ஜோசியமா பார்ப்பா?'ன்னார். அவ்வளவுதான், சம்பந்தம் முடிஞ்சுது."

சொல்லிவிட்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த மகராசியும் போய்ச் சேர்ந்துட்டா. ரொம்ப நாள் நான் இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்கலை. ஆனா எத்தனை நாளைக்குத்தான் சுவரோட பேசிட்டிருக்கறது? மறுபடி நடக்க வந்தேன். இங்க நாலு மனுஷ முகமாவது கண்ணுல படுமில்ல."

அவன் எதிரே தெரிந்த பாலத்தைக் கை காட்டினான்.

"எங்கப்பாவும் என்னை இங்க கூட்டிட்டு வருவார் சார்," என்றான். "சைக்கிள் கம்பியில துண்டை மடிச்சுப் போட்டு உட்கார வைப்பார். அந்தப் பாலத்து மேடு வந்தா மட்டும், 'இறங்கித் தள்ளுடா துரை'ன்னுவார். தள்ளற மாதிரி நடிப்பேன். அவருக்கும் அது தெரியும்."

அப்பா போன பிறகு அவன் இந்தப் பாதையை மிதிப்பது இன்றைக்குத்தான். மேடு அப்படியேதான் இருந்தது. அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சை அவன் வந்து பேச வேண்டியிருந்திருக்காது.

மணியடித்துக்கொண்டே ஒரு சைக்கிள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தது. "பார்த்து தம்பி" என்று பேக்கரிக்காரர் அவனைச் சட்டென்று தன் பக்கம் இழுத்தார். சைக்கிள் போன பிறகும் பிடித்த கையை விடவில்லை. அடுப்பில் சுட்டுச் சுட்டுக் காய்த்துப்போன கை. தனக்கு ஒன்று ஆகியிருந்தால் இந்த மனுஷன் பதறிப்போயிருப்பார் என்று அவனுக்குத் தோன்றியது.

பாதை முடிந்து வாசல் கேட் தெரிந்தது. அவர் நின்றுவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"தம்பி, எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. இந்தக் கல்யாணத்துல உங்க மனசுக்கு ஏதாவது ஒப்பலைன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன். மனசு ஒப்பாம நடக்கற காரியமில்ல இது."

காலையிலிருந்து அடம்பிடித்த நாக்கு இப்போது தானாகவே அசைந்தது.

"ஒப்பாம என்ன சார்? பயமாத்தான் இருந்தது. இப்ப அதுவும் இல்ல. நல்ல நாளாப் பார்த்துடலாம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே தம்பி?"

"அவங்களை நானும் அக்காவும் பார்த்துக்கறோம்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான் அவன். "மாப்பிள்ளை நீங்க, எங்கம்மாவைக் கண் கலங்காம பார்த்துக்கிட்டா போதும்."