நல்ல சேதி

ஊரிலே பங்குச் சாமியார் வீட்டில் மட்டும்தான் போன். அங்கிருந்து புருஷன் லாசரஸின் குரல் சிங்கப்பூரில் கேட்டதும் பிரிஜட்டுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

"என்னங்க, நான் உண்டாயிருக்கேன்."

சொல்லிவிட்டாள்! கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து.

சிங்கப்பூரில் வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் பரிசோதனை. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் பெர்மிட் ரத்து, ஊரைப் பார்க்கப் போகவேண்டியதுதான். லீவில் போனபோது கட்டின புருஷனோடு இருந்து உண்டான பிள்ளை என்றாலும் அதே கதிதான். என்ன சட்டமோ!

பிரிஜட்டுக்கு இன்று காலையில் தெரிந்துபோயிற்று.

அவளை வேலைக்கு வைத்திருக்கும் சந்திரமதி கெட்டவள் இல்லை. பாங்கில் வேலை, இடுப்பில் கைக்குழந்தை, பாவம், அவளும்தான் என்ன செய்வாள்?

"ரிப்போர்ட் கவர்மெண்டுக்குப் போறதுக்குள்ள கலைச்சிட்டா நீ இங்கயே இருக்கலாம் லா. தெரிஞ்ச டாக்டரம்மா இருக்காங்க. வீட்ல கேட்டுச் சொல்லு," என்று டிரங்கால் போட்டுத் தந்ததும் அவள்தான்.

கேட்பதற்கு என்ன இருக்கிறது? பிரிஜட் மனதுக்குள் பெட்டியே கட்டியாகிவிட்டது. மாமியார் மதலேனா சந்தோஷத்தில் குதிக்கப்போகிறாள். பேரப்பிள்ளை வேண்டி வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் நேர்ந்துகொண்டவள் அல்லவா? ஊரார் முன்னால் மருமகளை மலடி என்றவளும் அவள்தான். 'பிள்ளைதான் பெறல, சம்பாதிச்சாவது போடட்டும்' என்று சிங்கப்பூருக்கு ஏற்றிவிட்டவளும் அவள்தான்.

வேலை போவதையும் டாக்டரம்மா விஷயத்தையும் பிரிஜட் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

லாசரஸ், "இரு, அம்மாட்ட குடுக்கேன்," என்றான்.

அந்தப் பக்கம் ரிசீவர் கை மாறியது. தாயும் மகனும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிரிஜட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியாரின் சந்தோஷக் கூச்சலுக்குக் காத்திருந்தாள்.

சாமியார் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தித்தான் மதலேனா பேசினாள்.

"ஏட்டி, கட்டுற வீடு பாதியில நிக்கி. நீ அந்த டாக்டரம்மாட்ட போயிட்டு வந்துரு. பிள்ளைக்கு இப்ப என்ன அவசரம்?"

பிரிஜட் வழக்கம்போல, "சரி அத்தை," என்றாள்.