கேட்காத கார்டு

‘ஜூன் 7, ஞாயிறு. ஸ்டாப் சைனில் முழுதாக நிற்கவில்லை. தவறு என்னுடையதுதான்.’ மாலை ஆங்கில வகுப்பில் எழுதச் சொன்ன டைரியில் வள்ளி இப்படித்தான் ஆரம்பித்தாள்.

ரவுண்ட் ராக் ஊரில் காரை நிறுத்திய ஷெரீஃப் அதிகாரி அவளை எச்சரித்துவிட்டுத் திரும்பி நடந்தார். பக்கத்து சீட்டில் இருந்த கணவர் நஞ்சப்பனுக்குப் பொறுக்கவில்லை. குடியேற்றத் துறைக்கு ஷெரீஃப்கள் உதவியே ஆக வேண்டும் என்ற மாநிலச் சட்டத்துக்காக முப்பது வீடு ஏறிக் கையெழுத்து வாங்கியவர் அவர்.

“பேப்பர்ஸே கேக்கலையே வள்ளி. இப்படி விட்டா சட்டம் எதுக்கு?”

“விட்டுட்டாருல்ல மாமா, சும்மா இருங்க.”

“நம்மகிட்ட எல்லாம் பக்கா. பயமென்ன?”

அதிகாரியைக் கூப்பிட்டு, எங்கள் கார்டுகளையும் பாருங்கள் என்றார்.

வள்ளி கைப்பையிலிருந்து தன் கிரீன் கார்டை எடுத்துக் கொடுத்தாள். நஞ்சப்பன் பர்சிலிருந்து, பளபளவென்று லேமினேட் செய்த தன் கார்டின் ஜெராக்ஸ் ஒன்றை நீட்டினார்.

ஒரிஜினல் தொலைந்துவிடக் கூடாதென்று பேங்க் லாக்கரில் பூட்டி வைத்திருப்பதை அவர் பெருமையாக விளக்கினார். அதிகாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்; ஒரிஜினலைக் கையில் வைத்திருக்காததே சட்டப்படி குற்றம் என்று சொல்லி, அவருக்காகத் தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார்.

வள்ளி டைரியை முடித்தாள்: ‘நாளை ஒன்பது மணிக்கு பேங்க். அங்கிருந்து நேராக ஜெயில்.’