கார்பரேட்டர் சூடு

"இதெல்லாம் ஒரு வண்டியா? காயலான் கடைக்காரன்கூட இதைத் தொட மாட்டான்."

மங்கலம் ஊருக்கு முன்னால், ரோட்டோரக் கிணற்று மோட்டார் ரூம் பக்கம் வேன் நின்றதுமே, வண்டியிலேயே மூத்தவளான பெரியாத்தாள் ஆரம்பித்துவிட்டாள்.

சாமளாபுரத்திலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனிக்கு மதிய ஷிப்டுப் பெண்களை ஏற்றிப் போகும் கம்பெனி வேன் அது. முதலாளியின் அப்பா வாங்கிய பழைய பெட்ரோல் வண்டி. எண்பத்தெட்டாம் வருஷச் சித்திரை வெயிலில் அதற்கு ஒரு சீக்கு வந்திருந்தது. பாதி வழியில் என்ஜின் கொதித்து, கார்பரேட்டருக்குள் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி இருமிக்கொண்டே நின்றுவிடும். அப்புறம் ஈரத்துணியைச் சுற்றி, சூடு இறங்கும்வரை காத்துக் கிடக்க வேண்டும்.

டிரைவர் காசிமாயன் பதில் பேசாமல் என்ஜின் மூடியைத் திறந்தான்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கற? இத்தனை பேரு வெயில்ல வேகறது உனக்குத் தெரியறதில்லையா?"

பெரியாத்தாள் அப்படியே திரும்பி, ஜன்னலோரம் இருந்த பாண்டியம்மாளைப் பார்த்தாள்.

"ஏம்புள்ள, நீ என்ன மகாராணியாட்ட உக்காந்துட்டு? எறங்கு. மோட்டார் ரூமுக்குப் பின்னால தண்ணித் தொட்டி இருக்குது. போயி இந்தத் துணிய நனைச்சுட்டு வா."

தினமும் இதே அதிகாரம்தான். வண்டி நிறைய ஆள் இருக்க, உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்த நான்தான் இவளுக்கு இளக்காரமாகப் போய்விட்டேன் என்று பாண்டியம்மாளுக்கு மனசு வெந்தது.

ஆனாலும் துணியை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மோட்டார் ரூமுக்குப் பின்னால் மறைவாக நின்று குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தியெடுத்தாள். தொட்டித் தண்ணீரில் வாய் கொப்பளித்து, முகத்தைக் கழுவி, வேப்ப மர நிழலில் கொஞ்ச நேரம் சாய்ந்து உட்கார்ந்தாள். போன உயிர் திரும்பி வந்தது.

மூன்றாம் மாதம். முதல் கரு தங்கவில்லை. இதையாவது காப்பாற்ற வேண்டும். ஆனால் மாசமாக இருப்பது தெரிந்தால் சூப்பர்வைசர் ஓவர்லாக் மெஷினை விட்டு எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போன மாசம்கூட ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. புருஷன் மூக்கையாவோ சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு படுத்திருக்கிறான். அதனால் யாரிடமும் அவள் மூச்சுவிடவில்லை.

வண்டியை நிறுத்துங்கள் என்று கேட்க முடியாது. ஏன் என்பார்கள். வண்டி தானாக நின்றால்தான் உண்டு.

'கருப்பா, இந்த வண்டிய யாரும் சரி பண்ணிடக் கூடாது' என்று தினமும் வேண்டிக்கொள்வாள்.

கருப்பனுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேன் திருப்பூர் ராயபுரத்தில் மெக்கானிக் ராசப்பன் பட்டறைக்குப் போனது. பெட்ரோல் பைப்பைச் சூடான சைலன்சரை விட்டு விலக்கிக் கட்டினார். கார்பரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமலிருக்கக் கெட்டியான பைபர் பட்டை வைத்தார். நடுவில் தகரத்தில் ஒரு தடுப்பும் போட்டுக் கொடுத்தார்.

"இனி எந்த வெயிலுக்கும் நிக்காதாமா" என்று மறுநாள் வேனில் ஒரே சந்தோஷம். பாண்டியம்மாள் மட்டும் மோட்டார் ரூம் வருகிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வேன் மோட்டார் ரூமை நெருங்கியது. வாயில் உப்பு நீர் ஊறி, அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

வண்டி நின்றது.

"தகரம் அடிச்சானாமா, தகரம்." பெரியாத்தாளுக்கு வந்ததே கோபம். "அந்த ராசப்பன் கண்ணுல படட்டும், பேசிக்கறேன். ஏம்புள்ள, பராக்குப் பாத்துட்டு நிக்காத. துணிய எடு."

பாண்டியம்மாள் அந்தக் கார்பரேட்டரைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. காசிமாயனைப் பார்த்தால்தான் பாவமாக இருந்தது. வண்டியிலும் திட்டு, கம்பெனி கேட்டில் லேட்டானதற்குச் சூப்பர்வைசரிடமும் திட்டு. தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான்.

அந்த வாரமே பெரியாத்தாள் ஊத்துக்குளியில் சொந்தக்காரர் கல்யாணம் என்று லீவு போட்டாள்.

அன்றைக்கும் மோட்டார் ரூம் பக்கம் வேன் ஓரங்கட்டி நின்றது. திட்ட ஆளில்லை. யாரும் சொல்லாமலே பாண்டியம்மாள் துணியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து, சொட்டச் சொட்ட டிரைவரிடம் நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"அண்ணே, என்ஜின் ஓடிக்கிட்டுல்ல இருக்கு?"

காசிமாயன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"வையறதுக்கு அந்தக்கா இல்லையா, ஆஃப் பண்ணவே மறந்துட்டேன் தாயி."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ராசப்பண்ணன் கை வச்சதுலருந்து வண்டி ஒரு நாளும் மக்கர் பண்ணலத்தா. நாந்தான் நிறுத்துறேன். உன் மொகத்தப் பாத்தா, பிள்ள பெத்தவங்களுக்குத் தெரியாமலா போகும்? வண்டியில எல்லாருக்கும் தெரியும்."

பாண்டியம்மாள் வேனுக்குள் பார்த்தாள். எல்லாரும் ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப பெரியாத்தாக்கா மட்டும் எதுக்குண்ணே உங்களையும் என்னையும் அந்தப் பேச்சுப் பேசுது?"

"நிறுத்தச் சொன்னதே அதுதான்த்தா. 'தனக்காகத்தான் வண்டி நிக்குதுன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள கூச்சப்பட்டுட்டு வேலைக்கே வராது. நான் வண்டியத் திட்டறேன், நீ கேட்டுட்டுச் சும்மா நில்லு'ன்னு சொல்லிருச்சு."